ஃபில்டர் சுத்தம் செய்து மாட்டப்பட்டது

அத்தியாயம் பதினொன்று

பாப்பா பல் துலக்கித் துப்பியபோது எச்சிலில் கறுப்பு இருந்தது.

அது புதிதல்ல. லாரிப் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு டீசல் கரி ஒரு கூடுதல் உறவுக்காரர் மாதிரி. தலையணை உறையில் இருக்கும், குடத்து மூடியில் இருக்கும், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் வந்து நிற்கும். ஒன்பது வருஷமாக அவள் அதைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இன்று அது வாஷ்பேசினில் கோடு போட்டு இறங்கியதைப் பார்த்ததும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் ஃபோன் செய்திருந்தான். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவன். வருடாந்தரச் சான்றிதழுக்காகச் சோதனை நிலையத்துக்குப் போனவன், சான்றிதழும் இல்லாமல் லாரியும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே அவர்கள் கருவியைச் செருகியதும் திரை சிவந்துவிட்டதாம். அவன் லாரியின் கம்ப்யூட்டர் சொன்ன பதினேழு எழுத்துச் சேசிஸ் நம்பரையே, இந்த மாதத்தில் வேறு மூன்று லாரிகளும் சொல்லியிருக்கின்றன.

“எனக்கே தெரியாம என் லாரி மூணு குட்டி போட்டிருக்கு பாப்பா” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முப்பத்திரண்டு வயதாகியும் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அண்ணன் கூப்பிட்ட செல்லப் பெயர், கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது நரைத்த மீசை டிரைவர்கள்கூட ‘பாப்பாக்கா, என் வண்டி ரெடியா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

அறைக்குள் டாக்டர் கைக்குக் கிரீம் தடவிக்கொண்டிருந்தான்.

டாக்டர் என்பது அவள் கணவனுக்குப் பட்டறை வைத்த பெயர். லாரியில் லேப்டாப்பைச் செருகி நோய் பார்க்கிறவன். கீழே வேலை செய்கிற எல்லாருக்கும் நகக்கண், ரேகை, முழங்கை மடிப்பு என்று கறுப்பு ஏறியிருக்கும். அவன் கை மட்டும் வெளுப்பு. கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் கொஞ்சம் மயங்கினாள். இன்று ஒவ்வொரு விரலாக உருவி உருவி அவன் கிரீம் தேய்ப்பதைப் பார்த்தபோது, தோலை உரித்துக் கழுவி வைத்த ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“ஆபீசுக்கு வா. ஒரு கார்டு எழுதணும்” என்றான், அவளைப் பார்க்காமல்.

ஆபீஸ் என்பது தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கம்பி வைத்தது அவள் மாமனார். ஊரில் எல்லாரும் அவரை மேஸ்திரி என்பார்கள். அவர் வைக்கும் வெல்டிங் தனி அழகு. காசுகளைச் சாய்த்து அடுக்கியதுபோல் ஒரே சீராக ஓடும். முடிகிற இடத்தில் சும்மா நின்றுவிடாமல், பின்னோக்கி ஒரு சின்னச் சுழி சுழித்து நிற்கும். வேறு யாருக்கும் அது வராது. வேலை இல்லாத மதியங்களில் பாப்பா அந்தக் கம்பியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், சுழியில் நிறுத்துவாள். அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் வேலை கார்டு எழுதுவது. வருகிற ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கார்டு. என்ன கோளாறு, என்ன வேலை, என்ன தேதி. கார்பன் தாள் வைத்து மூன்று நகல்: வெள்ளை வண்டிக்காரருக்கு, மஞ்சள் ஃபைலுக்கு, ரோஸ் புத்தகத்திலேயே தங்கும். அவளுடைய குண்டு எழுத்தைப் பார்த்துத்தான் நம்பிக்கை வருகிறது என்று சொன்ன லாரிக்காரர்கள் உண்டு.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னான். சொன்ன விதத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. பால் பொங்கி வழிந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

அதைப் புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்தப் பட்டறையின் கதை அவளுக்குத் தெரியும். புது லாரிகளின் வயிற்றில் ஒரு டப்பா உண்டு. அதற்குள் சாம்பல் நிறத்தில் தேன்கூடு மாதிரி ஒரு ஃபில்டர், கரியைப் பிடித்துவைக்கும். அது அடைத்துக்கொண்டால் லாரியின் கம்ப்யூட்டரே எஞ்சினை அமுக்கிவிடும். வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போகும். கழுவி மாட்டினாலும் கம்ப்யூட்டர் நம்பாது. பூட்டைத் திறக்கும் வித்தையைக் கம்பெனிக்காரன் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். அவன் சர்வீஸில் பத்து நாள் வரிசை. ஏற்றிய காய்கறி வண்டியிலேயே அழுகும்.

அந்தப் பூட்டைத்தான் டாக்டர் முதலில் திறந்தான். திறந்த அன்று ஒரு டிரைவர் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை அவளே பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கழுவுவதற்கு நேரமாகிறது என்று சிலர் சொன்னார்கள். டப்பாவை அறுத்து, தேன்கூட்டை உடைத்து எடுத்துவிட்டு, காலி டப்பாவைத் திரும்ப மாட்டிக் கம்ப்யூட்டருக்குள் ‘எல்லாம் சுகம்’ என்று எப்போதும் சொல்லச் சொல்லி எழுதிவிட்டால் தீர்ந்தது. உடைத்த துண்டுகளில் விலை உயர்ந்த உலோகம் பூசியிருக்கும் என்று அவற்றை மூட்டையாக வாங்க ஆளும் வந்தான். அப்படிப் பதினொரு லாரி. பதினொன்றுக்கும் ‘சைலன்சர் வேலை’ என்று கார்டு எழுதியவள் அவள்தான். அந்த மூட்டைகள் கிடக்கும் பின்பக்க ஷெட்டின் சாவிகூட அவள் பையில்தான் கிடக்கிறது.

எழுதச் சொன்னார்கள், எழுதினாள். கரியைத் துடைப்பதுபோல அதையும் ஒரு வீட்டு வேலையாகச் செய்தாள். இப்போது நினைத்தால் தன் விரல்களையே மோந்து பார்க்கத் தோன்றியது.

அவளுக்குத் தெரியாத ஒன்றைத்தான் டாக்டர் இன்று சொன்னான். ஏழு மாதத்துக்கு முன்னால் அண்ணனின் லாரி சர்வீசுக்கு வந்தபோது, அதன் கம்ப்யூட்டரில் இருந்ததை முழுவதும் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டானாம். புது மாடல், கச்சிதமான ஃபைல். அதைத் திருத்தி, அதையே பதினொரு லாரிக்கும் போட்டுவிட்டான். போடும்போது ஃபைலுக்குள் இருந்த சேசிஸ் நம்பரை மாற்றவில்லை.

“பதினேழே எழுத்து. மறந்துட்டேன். மனுஷன்தானே” என்றான்.

ஆக, பிடிபட்டது மூன்றுதான். மிச்சம் எட்டு லாரி இந்த நிமிஷம் எங்கெங்கோ கரியைக் கக்கிக்கொண்டு, கேட்டால் அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறது.

“அண்ணன் வண்டில நீங்க கை வச்சீங்களா?”

“மச்சான் வண்டில நான் கை வைப்பேனா? படிச்சேன், அவ்வளவுதான்.”

பிறகு கார்டில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னான். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. அண்ணனின் லாரி நம்பர். ‘உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி புகை ஃபில்டர் நீக்கப்பட்டது.’ அது ஒன்று போதும், இன்ஸ்பெக்டருக்கு விடை கிடைத்துவிடும்: ஃபில்டரை எடுக்கச் சொன்னதும் மச்சான், ஃபைலை மற்றவர்களுக்குக் கொடுத்ததும் மச்சான். பட்டறை வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தது. அவ்வளவே.

“பர்மிட்டை ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க. அப்புறம் நாம பாத்துக்கலாம். மச்சான் நம்ம ஆளுதானே.”

“நம்ம ஆளுன்னா அவன் தலையில கொட்டிடலாமா? ஆறு மாசம் லாரி நின்னா அந்த லாரியே அவன் கையில இருக்காதுங்க.”

“அவருக்கு ஒரு லாரி. நமக்கு ஒரு பட்டறை. எது மூடினா எத்தனை பேர் தெருவுக்கு வருவாங்கன்னு யோசி.”

அவன் அதைச் சொன்னபோது கிரீம் வாசனை மேசையைத் தாண்டி வந்தது. ரோஜா வாசனை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“அண்ணன் வண்டில ஃபில்டர் உள்ளயே இருக்கு. எடுத்தாச்சுன்னு நான் எழுதிக் கொடுத்து, அவங்க திறந்து பாத்தா என் எழுத்து சந்தி சிரிக்காதா?”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அதெல்லாம் ஒத்துப்போகும். நீ எழுது.”

அந்தப் பதில் அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் கதவு திறந்து மேஸ்திரி வந்து நின்றார். அவளுக்கு உயிர் வந்தது. ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் மகனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்கிற மனுஷர். இப்போதும் கேட்பார் என்றுதான் அவரைப் பார்த்தாள்.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

“எழுதிடும்மா” என்றார். “வேற வழி இல்ல.”

அவ்வளவுதான். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வெல்டிங் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. அவர் மேல் வைத்திருந்த மரியாதை ஒரு ஆணியில் மாட்டிய சட்டைபோல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

பாப்பா கார்டுப் புத்தகத்தைத் திறந்தாள். தேதியை எழுதினாள். லாரி நம்பரை எழுதினாள். அண்ணன் அந்த லாரியை வாங்கிய அன்று நம்பரைச் சத்தமாக நாலு தடவை படித்தது ஞாபகம் வந்தது. பேனா அதற்கு மேல் நகரவில்லை.

“கார்பன் தீந்துபோச்சு” என்றாள். “நகல் இல்லாத கார்டை யாரும் நம்பமாட்டாங்க. வாங்கிட்டு வரேன்.”

டாக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. நகல் விஷயத்தில் அவன் ரொம்பக் கறார்.

அவன் லேப்டாப்பை எடுக்க மாடிக்குப் போனதும், அலமாரியிலிருந்து ஏழு மாதத்துக்கு முந்தைய புத்தகத்தை இழுத்து, அண்ணன் லாரியின் ரோஸ் நகலைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் அவள் கையால் எழுதியிருந்தது: ‘எஞ்சின் ஆயில் மாற்றப்பட்டது. பிரேக் சரிபார்க்கப்பட்டது. புகை ஃபில்டர் சுத்தம் செய்து மாட்டப்பட்டது.’

அதுதான் உண்மை. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். டப்பாவைத் திறக்கட்டும், தேன்கூடு உள்ளே இருக்கட்டும், அண்ணன் லாரி வெளியே வரட்டும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை பஸ்ஸில் ஏறிய பிறகு யோசிக்கலாம் என்று நினைத்தாள். போகிற வழியில் கடையில் இறங்கி ஒரு பாக்கெட் கார்பனும் வாங்கினாள். சொன்ன பொய்யையாவது உண்மையாக்கிவிட வேண்டும் போலிருந்தது.

சோதனை நிலையம் சிமெண்டுத் தரையும் உயரமான தகரக் கூரையுமாக இருந்தது. வரிசையில் நின்ற லாரிகளிலிருந்து, கழுவாத கழிப்பறையில் நிற்கிற மாதிரி கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி. புகையை அடக்க லாரியில் ஊற்றும் யூரியாத் தண்ணீர் எங்கோ கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அண்ணன் தன் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். ஒரே நாளில் தாடி முளைத்திருந்தது.

“நீ ஏன் வந்தே? மாப்பிள்ளை வரேன்னாரே” என்றான்.

“அவருக்கு வேலை.”

“பாவம், அவருக்கும் என்னால அலைச்சல்.”

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் எழுந்து பின்பக்கம் போய், வழக்கம்போல் புகைக்குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் தேய்த்தான். புது லாரியாக இருந்தபோது அதை எடுத்து எல்லார் மூக்குக்கும் நேராக நீட்டுவான். விரல் சுத்தமாக இருக்கும். அவனுக்கு அது ஒரு வித்தை காட்டுகிற பெருமை. இப்போது விரல் கறுத்து வந்தது. அவன் அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான், டீசல் சரியில்லை போல என்றான். மாப்பிள்ளையிடம் காட்டினானாம். பங்க்கை மாற்றச் சொன்னாராம். அதற்காகப் பதினெட்டு கிலோமீட்டர் சுற்றிப் போய் வேறு பங்க்கில்தான் நிரப்புகிறானாம்.

‘அதெல்லாம் ஒத்துப்போகும்’ என்று சொன்னவனின் வெளுத்த கை பாப்பாவின் கண் முன்னால் வந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். காதில் பேனா, காலில் கனமான பூட்ஸ். பாப்பா ரோஸ் கார்டை நீட்டினாள். இது என் அண்ணன் வண்டி, என் கணவர் பட்டறையில்தான் சர்வீஸ், இவர் வண்டியில் எதையும் எடுக்கவில்லை, திறந்து பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்ததால் வார்த்தை தடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கார்டை இரண்டு முறை படித்தாள்.

“உங்க அண்ணன் ரொம்ப உழைப்பாளிம்மா. ஒரே நேரத்துல நாலு ரோட்டுல ஓட்டுறாரு” என்றாள். பிறகு, “கார்டு எழுதினது யாரு?”

“நான்தாங்க.”

“சரி. திறந்திடலாம்.”

மெக்கானிக் ஒருவன் லாரிக்கு அடியில் புகுந்தான். டப்பாவை மூடியிருந்த வெப்பத் தகட்டின் நாலு போல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். ஸ்பானரால் டப்பாவை ஒரு தட்டுத் தட்டினான்.

கணீரென்று கேட்டது. காலிப் பானை சத்தம்.

அவன் இன்னொரு தடவை தட்டினான். பிறகு குழாயின் பக்கத்துத் துளை வழியாக ஒரு மெல்லிய கேமராவை உள்ளே விட்டான். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த சின்னத் திரையில் முதலில் இருட்டு வந்தது, பிறகு கரி. ஓரத்தில் உடைந்த சாம்பல் நிறப் பல் ஒன்று. அதைத் தவிர ஒன்றுமே இல்லை. குடலை இழுத்துப்போட்ட பின் மிஞ்சிய வயிறு மாதிரி இருந்தது.

அண்ணன் திரையைப் பார்த்தான். பாப்பாவைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்.

“பங்க்கை மாத்தச் சொன்னாரே” என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பாப்பா குனிந்தாள். புடவை தரையில் கிடந்த எண்ணெயில் பட்டது, பட்டால் படட்டும். டப்பாவின் மேல்பக்கம், தகட்டுக்குள் யார் கண்ணிலும் படாத இடத்தில், அறுத்து ஒட்டிய கோடு ஒன்று ஓடியது. காசுகளைச் சாய்த்து அடுக்கியதுபோல் ஒரே சீராக. முடிகிற இடத்தில் பின்னோக்கி ஒரு சின்னச் சுழி.

அவள் விரல் தானாக நீண்டது. சுழியில் வந்து நின்றது.

டாக்டருக்கு வெல்டிங் தெரியாது. அவன் வாழ்க்கையில் ஒரு தகரத்தைக்கூட ஒட்டியதில்லை. திருட்டு அவனுடையதாக இருக்கலாம். கையை யார் கொடுத்தது என்பது இதோ எழுதி வைத்திருக்கிறது. எவ்வளவு அக்கறையாக, எவ்வளவு அழகாக. மருமகளின் அண்ணன் வண்டிக்கு வைக்கிற வெல்டிங் என்பதால் கூடுதல் கவனம் எடுத்திருப்பாரோ?

டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினாள்.

பொய் எழுத மாட்டேன் என்று வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவள். அந்தப் பொய்யைத் தன் குண்டு எழுத்தில் ஏழு மாதத்துக்கு முன்பே எழுதி முடித்திருக்கிறாள். இன்று காலையில் எழுதச் சொன்ன கார்டில்கூடப் பாதி உண்மை இருந்தது.

“கார்டு உன் எழுத்துதானே பாப்பா?” என்றான் அண்ணன்.

“என் எழுத்துதான்.”

“உனக்குத் தெரியுமா?”

“இதுக்குத் தெரியாது. மத்த பதினொண்ணுக்குத் தெரியும்.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாயில் இனி எதையும் வைத்திருக்க முடியாது போலிருந்தது. அவள் எழுந்திருக்கத் தடுமாறியபோது எப்போதும் நீளும் அண்ணனின் கை நீளவில்லை. அவன் போய், லாரியின் படியில் அல்ல, தள்ளி ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“இந்த வெல்டிங் யார் வச்சதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. டாக்டர் அனுப்பிய செய்தி. ‘கார்பன் வாங்க எவ்வளவு நேரம்? ஷெட் சாவி எங்க? மூட்டை எடுக்க வண்டி வந்து நிக்குது.’

பாப்பா பைக்குள் கையை விட்டாள். கார்பன் பாக்கெட்டுக்கு அடியில் சாவி சில்லென்று பட்டது. அதை எடுத்து இன்ஸ்பெக்டர் கையிலிருந்த எழுதும் அட்டை மேல், ரோஸ் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தெரியும். போற வழியில சொல்றேன். இப்பவே கிளம்பணும்ங்க.”

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கூப்பிட்டாள். அண்ணன் கட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. பாப்பா ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தன் கையைப் பார்த்தாள். சுழியைத் தொட்ட விரலில் கரி ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

சாவி இங்கே இருக்கிறது, சரி. ஆனால் இரும்பை அறுத்தே பிழைக்கும் வீட்டுக்கு ஒரு பூட்டு எம்மாத்திரம்?